வெளிறும் பவளம்: தொட்டிக்கு முன் சட்டம்

வீட்டு அக்வேரியத்தில் இருக்கும் பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல, விலங்கு. 2001 முதல் பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலி இருக்கும் பட்டியலும் அதுதான். பிடித்தாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில், 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என இரண்டு நீருக்குள் போய்விட்டன.

“வெளிநாட்டுச் சரக்கு” என்று கடைக்காரர் சொல்வது மட்டும் பாதுகாப்பு ஆகாது. கல்பவளம் கையில் இருந்தால் வைத்தியத்துக்கு முன் வனத்துறையை அணுகுவதே சரி. காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் பல அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கும் ரசீதோடு இறக்குமதி ஆவண நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

மென்பவளம் சுருங்கினாலோ வெளிறினாலோ முதலில் பார்க்க வேண்டியது நீர். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் உணவில் பெரும்பங்கும் தருகிறது. சூடு கூடினால் அந்தப் பாசி வெளியேறிவிடும். நாமக்கல் மாவட்டம் மோகனூரின் கோடையில், மின்சாரமும் நின்ற மதியத்தில், தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது எளிது. 24 முதல் 27 டிகிரி நல்லது. விசிறியே ஓரிரு டிகிரி குறைக்கும். ஆற்றுநீரும் போர்வெல் நீரும் வேண்டாம், ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையைச் சேர்த்து லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பளவு வைக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக ஊற்றுவது உப்பில்லாத ஆர்.ஓ. நீர் மட்டுமே. விளக்கொளியைக் குறைத்து, வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, காத்திருக்க வேண்டும். தேற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யப் போகும் அவசரத்தில்தான் பல பவளங்கள் சாகின்றன.

பொத்தான் பவளங்கள் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவா பேரினத்தில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்தப் பவளம் ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று வெந்நீர் ஊற்றியோ கொதிக்க வைத்தோ, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. வாய் கசந்து, மூச்சுத் திணறி, காய்ச்சல் வந்தால் உடனே 108. எந்தப் பவளம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உப்புநீரில் கைவைக்கும் முன் சுவிட்சை அணைப்பதும், மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை இணைப்பில் பொருத்துவதும் உயிர்காப்பு.

விற்றவர் சொன்னதும் கொடுத்ததும் வேறாக இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்; தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ரசீதும், பவளத்தை வாங்கிய அன்று எடுத்த படமும் கையில் இருக்க வேண்டும்.