துளையில்லாத ஊசி

ரத்தம் எடுக்கும் ஊசியின் தடிமன் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். அக்குபங்சர் ஊசியோ 0.25 மில்லிமீட்டர்தான். அதில் துளை கிடையாது. அதன் வழியே எந்த மருந்தும் உடலுக்குள் போவதில்லை. அப்படியிருக்க, வருடக்கணக்காக முதுகுவலியோடு வாழும் ஒருவர் அரை மணி நேரம் இந்த ஊசிகளோடு படுத்து எழுந்தால் வலி எப்படிக் குறைகிறது? 'சீ' என்னும் உயிராற்றல் உடலில் சில பாதைகளில் ஓடுகிறது, அங்குள்ள அடைப்பை ஊசி நீக்குகிறது என்கிறது சீன மருத்துவம். உடற்கூறு ஆய்வில் அந்தப் பாதைகள் தென்பட்டதில்லை. ஆனால் ஊசி இறங்கிய இடத்தில் நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். பார்த்தவர்கள் வியந்துபோனார்கள்.

மருத்துவர் ஊசியைச் செருகிய பிறகு விரல்நுனியால் மெல்ல உருட்டுவார். சட்டென்று உள்ளே ஏதோ ஊசியைக் கவ்விப் பிடிப்பது அவர் விரலுக்குத் தெரியும். படுத்திருப்பவருக்கு அந்த இடத்தில் மந்தமான ஒரு குடைச்சல். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்செவின் குழுவினர் இந்தப் பிடியை 2001இல் அளந்தார்கள். ஒரே திசையில் சுழற்றிய ஊசியை உருவியெடுக்க, சுழற்றாத ஊசியைவிடச் சராசரியாக 167 சதவீதம் கூடுதல் விசை தேவைப்பட்டது. பிடிப்பது தசை என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் இதைச் செய்வது தோலுக்கடியில் உள்ள இணைப்புத் திசு, அதாவது உடலின் பாகங்களை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் நார்ப்பின்னல். அதிலுள்ள கொலாஜன் இழைகள், தக்ளியில் நூல் சுற்றுவதுபோல ஊசியில் சுற்றிக்கொள்கின்றன.

அந்த இழுப்பு வேதியியலாக மாறுகிறது. 2010இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட் குழுவினர், பாதத்தில் வலியுள்ள சுண்டெலிகளுக்கு முழங்கால் அருகே ஊசி குத்தி அவ்வப்போது சுழற்றினார்கள். அந்த இடத்தில் அடினோசின் என்ற பொருள் 24 மடங்கு உயர்ந்தது. இது நரம்பின் வலிச்செய்தியை மட்டுப்படுத்தும். அடினோசினை வாங்கிக்கொள்ளும் ஏற்பி (செல்லின் மேலுள்ள புரதப் பூட்டு) இல்லாமல் பிறந்த எலிகளுக்கு ஊசியால் பயன் இல்லை. குத்திவிட்டுச் சுழற்றாமல் விட்டாலும் பயன் இல்லை. நம் காலைக் காப்பி தூக்கத்தை விரட்டுவதும் இதே அடினோசினின் ஏற்பிகளை மறித்துத்தான்.

பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் 1970களில் செய்த சோதனை இன்னும் அழகானது. ஊசி சிகிச்சை பெற்ற முயலின் மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்து, ஊசியே படாத வேறொரு முயலின் மூளைக்குள் செலுத்தினார். அந்த முயலுக்கும் வலி தாங்கும் திறன் கூடியது! மூளை தானே சுரக்கும் வலிநிவாரணிகள் அந்தத் திரவத்தில் இருந்தன. ஊசியில் மெல்லிய மின்துடிப்பைச் சேர்த்தால், நொடிக்கு 2 துடிப்பில் ஒருவகையும் 100 துடிப்பில் இன்னொரு வகையும் சுரக்கின்றன என்பதையும் பின்னர் அவர் குழு கண்டது.

எலியும் முயலும் இருக்கட்டும், மனிதர்களுக்கு என்ன ஆனது? ஜெர்மனியில் நாட்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 1,162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உரிய இடத்தில் உரிய ஆழத்தில் ஊசி. இன்னொரு குழுவுக்கு வேண்டுமென்றே தவறான இடத்தில், மேலோட்டமாக. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். 2007இல் வெளியான இந்த முடிவு, ஊசியை நம்புகிறவர்கள், நம்பாதவர்கள் என இரு தரப்பையும் திணறடித்தது. ஊசி வேலை செய்கிறது. எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே அளவு செய்கிறது! அந்த ஆண்டு முதல் ஜெர்மனியின் பொதுக் காப்பீடு நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கும் இந்தச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது.

அப்படியென்றால் எல்லாம் மனப்பிரமையா? நான் அப்படி நினைக்கவில்லை. ஹார்வர்டின் டெட் கப்சக் மக்காவில் சீன மருத்துவம் படித்தவர். குடல் எரிச்சல் நோயால் அவதிப்பட்ட 262 பேரை வைத்து 2008இல் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் பயன்பட்டது முனை மழுங்கிய பொய் ஊசி. தோலைத் தொட்டதும் அதன் தண்டு கைப்பிடிக்குள் போய்விடும், குத்தியதுபோலவே இருக்கும். வெறுமனே காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு நிவாரணம் கிடைத்தது. அதிகம் பேசாமல் பொய் ஊசி வைத்தபோது 44 சதவீதம். மருத்துவர் 45 நிமிடம் உட்கார்ந்து கதை கேட்டு, நாடி பிடித்தபடி 20 நொடி மௌனமாக யோசித்து, பிறகு அதே பொய் ஊசியை வைத்தபோது 62 சதவீதம். எத்தனையோ வெளிநோயாளர் வரிசைகளில் நின்று மூன்று நிமிடத்தில் வெளியே வந்தவருக்கு, அந்த 45 நிமிடமே அளவிடக்கூடிய மருந்தாகிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஊசிக்காகப் போகிறவர் கையில் கஷாயப் பொட்டலமும் வரக்கூடும். அது வேறு கதை. 1990களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸில் ஓர் எடைகுறைப்பு மருத்துவமனையில் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பெயர் ஒற்றுமையால் ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டது. அதன் அமிலம் சிறுநீரகச் செல்லின் மரபணுவையே சிதைக்கும். சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. கஷாயத்தில் உள்ள ஒவ்வொரு வேரின் தாவரவியல் பெயரையும் எழுதி வாங்கி, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.