மின்னல் வெட்டினால் கியாஸ் குழாய் ஓட்டையாகும்! குழாய் இணைப்பு உள்ள வீட்டுக்காரர்களே, உஷார்!

திருப்பூர்,

கோடை மழை என்றால் சாயங்காலம்தான் இடியோடு கொட்டும். பனியன் கம்பெனி விட்டு வந்தவர்கள் அடுப்பு பற்ற வைக்கிற நேரமும் அதுதான். வானத்தில் "பளிச், பளிச்" என்று வெட்டும்போது, சுவர் ஓரமாக ஏறி வரும் கியாஸ் குழாயை யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா?

வீடுகளுக்குக் குழாய் மூலம் இயற்கை கியாஸ் கொடுப்பதற்கான 2018-ம் ஆண்டு ஏலத்தில் திருப்பூர் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. சிலிண்டர் தூக்குகிற வேலை மிச்சம். நல்லதுதான். ஆனால் இடி, மின்னல் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

பருத்தி ஊரில் பலி

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் லப்பக் என்று ஒரு ஊர். நமக்குப் பனியன் போல அந்த ஊருக்குப் பருத்தி. 2012-ல் அங்கே ஒரு வீட்டில் மின்னல் தாக்கியது. கியாஸ் குழாயில் ஓட்டை விழுந்து, கியாஸ் கசிந்து, வீடு தீப்பிடித்தது. விருந்தாளியாக வந்திருந்த வாலிபர் பரிதாபமாக இறந்தார்.

அந்த வீட்டில் இருந்தது நெளிநெளியான, மெல்லிய எவர்சில்வர் குழாய். மின்னல் ஓர் உலோகத்தில் இருந்து பக்கத்து உலோகத்துக்குத் தாவும்போது பொறி பறக்கும். மெல்லிய தகட்டில் அந்தப் பொறியே துளை போடும். கசிகிற கியாசையும் அதுவே பற்ற வைத்து விடும்.

நம் பக்கம் சுவரில் ஏறுவது பெரும்பாலும் கெட்டியான ஜி.ஐ. குழாய். அவ்வளவு சுலபத்தில் ஓட்டை விழாது. ஆனால் ஒரு சங்கதி. தெருவில் மண்ணுக்கு அடியில் வருவது மஞ்சள் பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. ஆகவே, "குழாய்தான் பூமிக்குள் போகுதே, தானாக எர்த் ஆகிவிடும்" என்று நினைப்பது தப்புக்கணக்கு!

மாடியில் இடிதாங்கி இருந்தாலும், அதில் இருந்து இறங்கும் கம்பி கியாஸ் குழாயை ஒட்டிப் போனால் மின்னல் குழாய்க்குத் தாவலாம்.

எர்த் கம்பி

உலோகக் குழாயை வீட்டு மெயின் எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணைத்து விட்டால், இரண்டிலும் மின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகி விடும். தாவுகிற ஆபத்து வெகுவாகக் குறையும். லைசென்சு உள்ள எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும். கியாஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். அதற்காக மோட்டார், வாஷிங் மெஷின் எர்த் வயரைக் கொண்டுபோய் கியாஸ் குழாயில் சுற்றிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. ஷாக் அடிக்கும்!

நாற்றம் வந்தால்

இடி இடிக்கும்போது குழாய், மீட்டர், தண்ணீர்ப் பைப்பு எதையும் தொட வேண்டாம். மின்னல் கண்டு மூன்று எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், ஒரு கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இயற்கை கியாசுக்கு வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றே கெட்ட நாற்றம் கலக்கிறார்கள். வீட்டில் இடி விழுந்த பிறகு அந்த நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீக்குச்சி கிட்டேயே வரக்கூடாது. வால்வை மூடிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, வீட்டில் உள்ள எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். இது காற்றை விட லேசானது, மேலே ஏறி நிற்கும். மேல் ஜன்னலை மறக்காதீர்கள். சிலிண்டர் கியாஸ் நேர்மாறு, தரையோடு தவழும். லைன் வீடு என்றால் பக்கத்து வீடுகளையும் தட்டி எழுப்புங்கள்.

வெளியே வந்த பிறகுதான் போன். கியாஸ் கம்பெனியின் அவசர நம்பர் பில்லில் இருக்கும். சிலிண்டர் கசிவுக்கு 1906. தீயணைப்பு நிலையத்துக்கு 101.