தோற்ற சைன்யத்தின் குதிரைகள்

அமெரிக்காவின் உள்நாட்டு யுத்தம் நான்கு வருஷங்களைக் கடந்துகொண்டிருந்த சமயம். 1865-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி, அப்போமாட்டாக்ஸ் என்னும் சிற்றூரில் இரு சேனாதிபதிகள் சந்தித்தனர். சரணடைய வந்த தென்னாட்டு ஜெனரல் லீ, பட்டு இடைக்கச்சையும் உடைவாளுமாகக் காத்திருந்தார். ஜயித்த கிராண்டோ, சேறு தெறித்த சாதாரணச் சிப்பாய்ச் சட்டையுடன் நுழைந்தார்!

லீ மகா தீரர்தாம். ஆயினும் அடிமை முறையைக் காக்க எழுந்த ஆட்சிக்கன்றோ அத்தீரம் செலவாயிற்று?

ஆயுதங்களை ஒப்புவித்துவிட்டு அனைவரும் வீடு திரும்பலாம் என்றார் கிராண்ட். லீயின் குதிரை வீரர்கள் சொந்தக் குதிரைகளில் போரிட்டவர்கள். அவற்றை உழவுக்குக் கொண்டுபோகவும் இணங்கினார். பசியால் வாடிய அச்சைன்யத்துக்கு 25,000 பேருக்குரிய உணவும் அளித்தார். அதற்குள் வடநாட்டுப் பாளையத்தில் வெற்றி வேட்டுகள் முழங்கலாயின. தோற்றவர்கள் மீண்டும் தம் தேசத்தாரே என்று கருதிய கிராண்ட், உடனே அவற்றை நிறுத்தச் சொன்னார்.