இறுகிய வளவும் ஐப்பசி மழையும்

வன்னியில் துணுக்காய், மல்லாவிப் பக்கம் புது வீடு கட்டிக் குடியிருப்பவர்களோடு தேத்தண்ணிக்கு இருந்தால், பேச்சு கொஞ்ச நேரத்தில் வளவுக்கு வந்துவிடும். "முன்னுக்குப் புல்லு வைச்சம், பிடிக்கேல்லை. தண்ணி விட்டால் மேலாலை ஓடுது. பசளை போட்டும் பாத்தாச்சு, ஒரு மாற்றமும் இல்லை." சொல்பவர் அநேகமாகப் புல்லைச் சந்தேகிப்பார், அல்லது கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகிப்பார். பல வளவுகளில் குற்றம் இரண்டிலும் இல்லை. மண் இறுகிப்போயிருக்கிறது. இறுகிய மண்ணில் எந்தப் பசளையும் வேருக்குப் போய்ச் சேராது. மண் ஏன் இறுகுகிறது, அதை எப்படி அறிவது, எப்படித் திறப்பது, திறந்ததை எப்படிக் காப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நல்ல தோட்ட மண்ணை ஒரு கன அடி வெட்டி எடுத்தால், அதில் ஏறத்தாழப் பாதிதான் மண்துணிக்கைகள். மற்றப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பெரிய துளைகளும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத சிறிய துளைகளும் உண்டு. பெரிய துளைகள் வழியாக மழைநீர் கீழே இறங்கும். நீர் இறங்கிய பின் காற்று உள்ளே வரும். சிறிய துளைகள் நீரைப் பிடித்து வைத்து, வெயில் நாட்களில் வேருக்குக் கொடுக்கும். பாரம் ஏறும்போது முதலில் நசிவது பெரிய துளைகள். புட்டுக்குழலுக்குள் மாவை இறுக்கி அடைத்தால் ஆவி மேலே ஏறாமல் நடுவில் மா வேகாமல் கிடக்கும் அல்லவா, அதேதான் இங்கும் நடக்கிறது.

வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு ஒட்சிசன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீருக்குள் ஒட்சிசன் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே பெரிய துளைகள் இல்லாத மண்ணில் மழை பெய்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. மழை ஓய்ந்து மண் காய்ந்தால் வேறொரு தடை வருகிறது. சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோ அழுத்தத்துக்கு மேல் எதிர்ப்புக் காட்டும் மண்ணுக்குள் பெரும்பாலான பயிர்களின் வேர்நுனி நுழையாது. மாரியில் மூச்சில்லை, கோடையில் வழியில்லை. புல் மஞ்சளாவதற்கு இவ்வளவும் போதும்.

வன்னியின் மேட்டு நிலங்களில் அதிகம் காணப்படுவது செங்கபில நிற மண். ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் துள்ளும். இந்த மண்ணில் உள்ள களி அதிகம் வீங்கிச் சுருங்குவதில்லை. மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண் அப்படியல்ல. அது மாரியில் வீங்கும், கோடையில் விரல் போகுமளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்புகளால் தன்னைத் தானே ஓரளவு திறந்துகொள்ளும். ஆவணியில் உங்கள் வளவு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தால் உங்களிடம் இருப்பது கறுத்த மண் வகை. வெடிக்காமல் சீமெந்துத் தரை போலக் கிடந்தால் செங்கபில மண்; அதற்கு உங்கள் கை வேண்டும். இந்த வெக்கைக்கு உக்கல் வேகமாகக் கரைந்துபோவதால், மண்துணிக்கைகளைக் கட்டிகளாகச் சேர்த்து வைக்கும் பசையும் இந்த மண்ணில் எப்போதும் குறைவு.

இந்த மண்ணின்மேல் கடந்த ஆண்டுகளில் ஏறிய பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். 2009இல் போர் முடிந்து சனம் திரும்பியபோது பல வளவுகள் பற்றைக்காடாகக் கிடந்தன. காடு வெட்ட இயந்திரங்கள் வந்தன. பிறகு வீட்டுத் திட்டங்கள் வந்தன. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் மட்டுமே 50,000 வீடுகளுக்கானது. ஒவ்வொரு வீட்டுக்கும் கல், மணல், சீமெந்து, ஓடு, மரம் என்று லொறியும் உழவு இயந்திரமும் பெட்டியோடு உள்ளே வந்து திரும்பியிருக்கும். ஒரு பாரவண்டி ஈரமண்ணில் போகும்போது, வரக்கூடிய நசிவின் பெரும்பகுதி முதல் தடவையிலேயே வந்துவிடும் என்பது மண்ணியலாளர்கள் அளந்து கண்ட உண்மை. வீடு கட்டி முடிந்த பின், அதே இடத்தில் மேல்மண் இரண்டு அங்குலம் பரப்பிப் புல் பதிக்கிறோம். வேர் அந்த இரண்டு அங்குலத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது.

இறுக்கம் எங்கேயும் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வவுனிக்குளத்துக் கட்டு தண்ணீரைத் தாங்குவது மண்ணை இறுக்கிக் கட்டியதால்தான். வயலில் சேற்று உழவு செய்து பலகை அடிக்கும்போது, கீழே ஒரு இறுகிய படை உண்டாகி நெல்லுக்கு நீரைத் தேக்கி வைக்கிறது. நெல் காயவைக்கும் முற்றம் இறுகியிருக்க வேண்டும் என்றுதான் சாணி போட்டு மெழுகினார்கள். அந்தக் காலத்து வளவுகளில் இறுகிய இடம் எது, இளகிய இடம் எது என்பது தெளிவாக இருந்தது. முற்றம் முற்றமாகவும், வாழையும் முருங்கையும் நிற்கும் பின்வளவு மண்வெட்டி விழும் இடமாகவும் இருந்தன. இப்போது வளவு முழுவதும் முற்றமாகிவிட்டது. அதன் நடுவில் புல்லை எதிர்பார்க்கிறோம். ஆகவே முதல் வேலை, எந்த இடம் இளக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்வது.

அடுத்து, மண் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல மழைக்கு அடுத்த நாள், ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் மண்ணில் அழுத்துங்கள். அரை அடி சுகமாக இறங்கினால் கவலை இல்லை. இரண்டு மூன்று அங்குலத்தில் நின்றால் அங்கேதான் இறுகிய படை தொடங்குகிறது. இன்னொரு வழி: இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு பால்மாப் பேணியை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் தட்டி இறக்கி, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அது வற்றியதும் மறுபடி ஓர் அங்குலம். இரண்டாவது தண்ணீர் ஒரு மணித்தியாலம் கடந்தும் நின்றால் மண்ணுக்குத் துளை போதாது. மூன்றாவதாக, ஒரு மண்வெட்டிக் கட்டி வெட்டிப் பாருங்கள். வேர்கள் நேரே கீழே போகாமல் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், வேறு சாட்சி தேவையில்லை.

எப்போது திறப்பது? கோடையில் அலவாங்கு உங்கள் தோளைத்தான் உடைக்கும். கார்த்திகை மார்கழி அடைமழையில் திறக்கப் போனால், துளையின் சுவரை மெழுகிவிட்டு, சுற்றி உள்ள மண்ணை உங்கள் காலாலேயே இன்னும் நசித்துவிடுவீர்கள். சரியான நேரம் ஐப்பசியின் முதல் மழைகள் இறங்கி, ஒன்றிரண்டு நாள் காய்ந்த பிறகு. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாகி, பெருவிரலால் தட்டினால் உதிர்ந்தால் வேலைக்குப் பதம். உருண்டை களி போல நசிந்தால் இரண்டு நாள் பொறுங்கள். முன்னால் முழு மாரியும் இருப்பதால், திறந்த துளைகளுக்குள் புது வேர் இறங்கக் காலமும் நீரும் கிடைக்கும்.

எதனால் திறப்பது? வெளிநாட்டில் இதற்கென்று இயந்திரம் வாடகைக்கு எடுப்பார்கள். அதன் சூட்சுமம் ஒன்றுதான்: குத்துவதோடு நில்லாமல், விரல் தடிப்பில் ஒரு மண் உருளையைப் பிடுங்கி வெளியே போடும். வெறும் ஆணியோ கம்பியோ குத்தினால், துளைக்குள் இருந்த மண் எங்கே போகும்? பக்கத்து மண்ணுக்குள்தான் நசிந்து நெருங்கும். மணற்பாங்கான நிலத்தில் அது பரவாயில்லை. களிப்பாங்கான மண்ணில் பயன் குறைவு. புல்லில் நடந்து துளை போடும் ஆணிச் செருப்பை வாங்கி அனுப்பச் சொல்லி வெளிநாட்டு உறவினரைக் கேட்பதும் இதனால் வீண்.

நமக்கு முக்கால் அங்குல ஜீஐ குழாய் ஒன்று போதும். கீழ் முனையை வெளிப்பக்கமாக அரத்தால் சீவிக் கூராக்க வேண்டும். முனையிலிருந்து நாலு அங்குலத்துக்கு மேலே, காலால் மிதிக்க ஒரு குறுக்குக் கம்பி ஒட்ட வேண்டும். அதற்கு மேலே, உள்ளே ஏறும் மண் வெளியே விழ ஒரு நீள வெட்டு. தலையில் ஒரு கைபிடி. வெல்டிங் கடையில் சிறிய வேலை. மிதித்து, இழுத்து, அடுத்த துளைக்குப் போகலாம். முதல் மண் உருளையை அடுத்தது மேலே தள்ளும். வெளியே விழும் உருளைகளைக் கூட்டி அள்ளாதீர்கள். காயவிட்டு விளக்குமாற்றால் உடைத்துப் பரப்பினால் அதுவே மேல்மண். குழாய் செய்ய வசதியில்லாவிட்டால், நாலு பல் உள்ள தோட்ட முள்ளை அரை அடி இறக்கி, கைபிடியை மெதுவாகப் பின்னால் சாய்த்து, மண் சற்றே தூக்கி விரிய விட்டு எடுக்கலாம்.

இந்த இடத்தில் வன்னிக்கே உரிய ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும்: போர்க்கால வெடிபொருள் மண்ணுக்குள் இன்னும் கிடக்கலாம். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. துணுக்காய் அடங்கும் முல்லைத்தீவு மாவட்டத்தில் வெடிபொருள் அகற்றும் பணி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. துப்புரவு செய்யப்பட்டது என்று கையளிக்கப்படாத மூலைகளில் அலவாங்கோ குழாயோ இறக்காதீர்கள். துப்புரவான வளவிலும் கம்பி ஏதாவது உலோகத்தில் தட்டினால், கிண்டிப் பார்க்காமல் அப்படியே விலகி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். மலகூடக் குழி, தண்ணீர்க் குழாய் போகும் பாதை ஆகியவற்றையும் முன்பே அடையாளம் போட்டு வையுங்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இரண்டு சென்ரிமீற்றர் அகலத் துளை, பத்து சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று போட்டால், ஒரு சதுர மீற்றருக்கு நூறு துளை. அத்தனையும் சேர்த்து நீங்கள் திறந்தது நிலத்தின் 3 சதவீதம் மட்டுமே. ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெருக்கினாலும் 12 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டும். ஆகவே ஒரு தடவை செய்துவிட்டு அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். துளை என்பது தொடக்கம். அதற்குள் எதை இறக்குகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. நன்றாக உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ அரித்தெடுத்து, கொஞ்சம் உமிக்கரியும் கலந்து, புல்லின்மேல் அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, துளைகளுக்குள் கூட்டி விடுங்கள். பத்தடிக்குப் பத்தடி நிலத்துக்கு நாலைந்து வாளி போதும். வெறும் மணலைக் களிமண்ணோடு கலக்க வேண்டாம். அளவு போதாவிட்டால் மணலும் களியும் சேர்ந்து இன்னும் இறுகும்.

மீதி 97 சதவீதத்தையும் திறப்பது உயிர்கள். சார்ள்ஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண், புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று அதில் கணித்தார். வன்னியின் நீண்ட கோடையில் புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது அந்த வேலையைக் கறையான் செய்கிறது. மேற்கு ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோவில் யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி, பாறை போல இறுகிய நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகள் தோண்டி எருவும் சருகும் இட்டார். கறையான்கள் வந்து அடிமண்ணைத் துளைத்தன; மழை அந்தத் துளைகளால் இறங்கியது. தரிசாகக் கிடந்த நிலம் காடாயிற்று. 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. துணுக்காயும் வரண்ட வலயம்தான். புல் பிடிக்காத மூலைகளிலும், மாமரத்தின் இலைப்பரப்பு முடியும் வட்டத்திலும் இதே முறை உதவும். இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்தில் அலவாங்கால் துளையிட்டு, கூட்டெருவும் சீமைக்கிளுவை இலையும் நிரப்புங்கள். தடித்த வேர் தட்டுப்பட்டால் இடத்தை மாற்றுங்கள். கறையானை நினைத்து, சருகை வீட்டு மரச் சட்டங்களுக்கு அருகில் குவிக்காதீர்கள்.

புல்லைப் பொறுத்தவரை, விலை கொடுத்துப் பாளமாக வாங்குவதற்கு முன் அறுகைப் பாருங்கள். வெப்பமான நாடுகளின் விளையாட்டு மைதானங்களிலும் கோல்ப் திடல்களிலும் பரவலாக வளர்க்கப்படுவது இந்த இனமும் அதன் கலப்புகளும்தான். வெயிலைத் தாங்கும், மிதியையும் ஓரளவு தாங்கும், நிழலை மட்டும் தாங்காது. துளையிட்ட முதல் மாரியில் இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல் விடுங்கள். இலை இருந்தால்தான் வேர் இறங்கும். கோடையில் தினமும் தெளிக்காமல், நாள் இடைவெளி விட்டு ஆழ நனைத்துவிடுங்கள். தெளிப்புத் தண்ணீர் வேரை மேலேயே நிறுத்தி வைக்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம். மழை நின்ற மறுநாள் ஈர வளவுக்குள் மோட்டார் சைக்கிளையோ உழவு இயந்திரத்தையோ விடாதீர்கள். படலையிலிருந்து வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஒரே ஒரு பாதையைக் கல் பதித்து ஒதுக்குங்கள். மாட்டை ஈரநாட்களில் புல்லில் கட்ட வேண்டாம். குழாயால் திறந்து ஒரு மாரி முழுக்கக் காத்ததை, ஒரு லொறி ஒரு பின்னேரத்தில் மூடிவிடும்.

வருகிற ஐப்பசியில் வளவு முழுவதையும் தொட வேண்டாம். பத்தடிக்குப் பத்தடி ஒரு துண்டை அளந்து, சுற்றிக் கயிறு கட்டி, துளையிட்டு, எரு இட்டு, ஒரு மாரி மிதியாமல் விடுங்கள். தை மாதம் அதே பால்மாப் பேணியால் அந்தத் துண்டிலும் பக்கத்திலும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மிச்ச வளவை என்ன செய்வது என்று அதன்பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.