ஏறும் நெற்றியும் இறுகிய சடையும்

தாமல் முதல் உத்திரமேரூர் வரையிலான ஊர்களிலிருந்து மகளை அழைத்து வரும் தாய்மார்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "பிள்ளைக்கு நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, என்ன எண்ணெய் தேய்க்கலாம்?" பல நேரங்களில் இதற்கு விடை எண்ணெயில் இல்லை; சடையை எவ்வளவு இறுக்கிப் பின்னுகிறோம் என்பதில் இருக்கிறது.

எது இயல்பு?

நெற்றி முடிந்து முடி தொடங்கும் விளிம்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. சிலருக்கு அது வளைந்திருக்கும். சிலருக்கு நடுவில் கூம்பாக இறங்கியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே ஏறுநெற்றியாக இருக்கும். இவை குடும்பவழி வருபவை, நோயல்ல. ஆண்பிள்ளைகளுக்குப் பருவமடைந்தபின் நெற்றியின் இரு மூலைகளும் சற்றே ஏறுவதும் இயல்பே. ஐயம் எழுந்தால் பழைய புகைப்படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்பிள்ளையின் விளிம்பு சிறுவயதில் இருந்தபடியே இருந்தால் கவலை வேண்டாம். காதோரத்திலும் நெற்றிப்பொட்டிலும் அது பின்வாங்கியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

இழுப்பினால் வரும் வழுக்கை

ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலிலிருந்து வளர்கிறது. இறுகிய சடை அந்த மயிர்க்காலை நாள்தோறும் பல மணி நேரம் இழுக்கிறது. விளிம்பில் உள்ள முடி மெல்லியது. இழுப்பும் அங்கேயே மிகுதி. எனவே முதலில் தளர்வது அந்த முடியே. 1907ஆம் ஆண்டிலேயே, முடியை இறுக்கிக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் இந்த வகை வழுக்கையை மருத்துவர்கள் கண்டு எழுதினர். தலைமுடியை இறுக முடிந்து கட்டும் சீக்கிய ஆண்களிடமும் இது காணப்படுகிறது. நம் வீடுகளில் பள்ளிக்கான இரட்டைச் சடை, நாட்டியத்துக்கும் திருமணத்துக்கும் வைக்கும் கனமான பூச்சடை, சவுரி ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன.

"திருப்பதியிலும் திருத்தணியிலும் மொட்டை போட்டால் முடி மீண்டும் வளர்கிறதே, இது மட்டும் ஏன் வளராது?" என்று சிலர் கேட்பதுண்டு. மொட்டை அடிக்கும்போது தோலுக்கு மேலுள்ள முடி மட்டுமே நீங்குகிறது. மயிர்க்கால் பழுதின்றி இருக்கிறது. பல ஆண்டுகள் இழுபட்ட மயிர்க்கால் வீங்கிப் புண்பட்டு, இறுதியில் தழும்பாகிவிடுகிறது. தழும்பில் முடி முளைப்பதில்லை.

தொடக்க அறிகுறிகள்

சடை போட்டதும் வலி, அவிழ்த்ததும் ஆறுதல். விளிம்பில் சிறு சிவந்த பருக்கள். காதோரம் முடி அடர்த்தி குறைதல். பழைய விளிம்பில் பூனைமுடி ஒரு கோடாக நிற்க, அதன் பின்னால் தோல் தெரிவது முக்கியமான அடையாளம். இந்த நிலையில் இழுப்பை நிறுத்தினால் சில மாதங்களில் முடி திரும்ப வளரக்கூடும். தோல் வழுவழுப்பாகி மின்னத் தொடங்கிய பின் வளர்வது அரிது.

எவ்வாறு வாருவது?

- சடை போட்டபின் புருவம் மேலே இழுபட்டாலோ, வலித்தாலோ அவிழ்த்துத் தளர்வாகப் பின்னுங்கள்.
- ஏறுநெற்றி உள்ளவர்கள் முடியை நேர்பின்னாக இழுத்து வாராமல், பக்கவகிடு எடுத்துத் தளர விடுவது நல்லது. வகிட்டின் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள்.
- ஈரமுடியைப் பின்னாதீர்கள். வெறும் ரப்பர் பேண்டுக்குப் பதிலாகத் துணி சுற்றிய பேண்டைப் பயன்படுத்துங்கள்.
- விடுமுறை நாட்களிலும் இரவிலும் முடிக்கு ஓய்வு கொடுங்கள். கனமான பூவையும் சவுரியையும் நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.
- படுக்கையில் இருக்கும் நோயாளிக்குப் பின்தலையில் கொண்டை வேண்டாம். பக்கவாட்டில் தளர்வான ஒற்றைச் சடை போதும்.

பள்ளியில் இரட்டைச் சடை கட்டாயம் என்றாலும் அதைத் தளர்வாகப் பின்னத் தடையில்லை. அதுவும் தாங்காத நிலையில் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். தேவையானால் மருத்துவரிடம் சான்று பெற்றுச் செல்லலாம்.

எப்போது வரவேண்டும்?

வட்டமாக முடி கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நெற்றி ஏறுவதோடு புருவமும் உதிர்ந்தால் அது வேறொரு நோயின் அறிகுறியாக இருக்கலாம். இவற்றுக்கும், சடையைத் தளர்த்திய பின்னும் முடி திரும்பாவிட்டாலும், தாமதியாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

நீண்ட சடை அழகுதான். அதை நாளை காலை ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்திப் பின்னுங்கள். பிள்ளையின் நெற்றிக்கு இன்று வேண்டிய முதல் மருந்து அதுவே.