ஏரியும் ஊரும்

1926-ஆம் ஆண்டில் என். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் தோன்றி, பிற்காலத்தில் இந்தியப் புவியியல் சங்கமெனப் பெயர் பூண்ட சென்னைப் புவியியல் சங்கம், நிலத்தையும் அதில் வாழும் ஜனங்களையும் சேர்த்து ஆராயும் கட்டுரைகளைத் தன் சஞ்சிகையில் வெளியிட்டு வந்தது. நதி, மலை, தலைநகர் என்று நாமாவளி ஒப்பிப்பதே புவியியல் என்று பள்ளியில் நம்பியிருந்த நம்மில் பலருக்கு இது வியப்பாயிருக்கலாம்.

அத்தகைய ஆராய்ச்சியில் ஈடுபடும் பேராசிரியருக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தினும் சிறந்த ஆய்வுக்கூடம் வாய்ப்பது அரிது. பாசனத்துக்கென அமைந்த ஏரிகளின் அருகே தொழிற்பேட்டை எழுந்து, வயல்கள் மனைகளாகி, வாய்க்கால்கள் தூர்ந்துபோன பின்னர், மழைநீர் தன் பூர்விக வழியைத் தேடி வீதிக்குள் புகுவதன் காரணத்தை, பழைய நில அளவைப் படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்து நோக்கியும், முதிய குடியானவர்களின் திண்ணையில் பொறுமையோடு அமர்ந்து கேட்டும் (இரண்டாவதே கடினமான வேலை!) அவர் கண்டறிய வேண்டியிருக்கிறது. இவ்வட்டாரத்துச் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அங்கிருந்து திறந்துவிடப்பட்ட உபரிநீர் அடையாற்றில் பெருகியதைச் சென்னை நகரம் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் தெருவில் பெய்யும் மழை எந்த ஏரிக்குச் செல்கிறதென்று இன்று மாலை வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.