கண்ணாடி காட்டும் கடல்



அலோர் காஜாவிலிருந்து பெங்காலான் பாலாக் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? இடுப்பளவு நீரில் நின்று குனிந்து பார்த்தால் உங்கள் பாதமே தெரியாது. ஆனால், பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மெர்சிங் சென்று, படகேறித் தியோமான் தீவுக்குப் போனால், பல மீட்டர் ஆழத்தில் நீந்தும் மீனும் தெளிவாகத் தெரியும். ஏன் இந்த வேறுபாடு?

மலாக்கா நீரிணை குறுகலானது, ஆழமும் குறைவு. தீபகற்பத்து ஆறுகளும் சுமத்ரா ஆறுகளும் அதில் வண்டலைக் கொட்டுகின்றன. நீரோட்டம் அந்த வண்டலைப் படியவிடாமல் கலக்குகிறது. தியோமானோ பகாங் கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆற்று வண்டல் அங்கே அதிகம் எட்டுவதில்லை.

கண்ணை ஏமாற்றும் கண்ணாடி

நீருக்குள் வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரியும். காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. நீரிலிருந்து நுழையும்போது மிகக் குறைவாகவே வளைகிறது. முகக்கண்ணாடி அணிந்தால் கண்ணுக்கு முன்னால் மீண்டும் காற்று வந்துவிடுகிறது, காட்சி தெளிகிறது.

ஆனால், ஒளி நீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்கு வரும்போது விலகுகிறது. அதனால் 4 மீட்டர் தொலைவில் உள்ள மீன் 3 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும், பெரிதாகவும் தெரியும். ‘அடித்தரை பக்கத்தில்தான் இருக்கிறது, கால் எட்டிவிடும்’ என்று நம்பிக் காலை இறக்கினால், தரை எட்டாது! உயிர்காப்புச் சட்டை கட்டாயம் என்பது இதற்காகவும்தான்.

குழாய் ஏன் குட்டை?

ஒரு மீட்டர் நீளக் குழாய் இருந்தால் ஆழத்தில் மூச்சுவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் நீரழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் நெஞ்சை அழுத்துவதால், மூச்சை இழுக்கத் தசைகள் திணறும். மேலும், நீளக் குழாயில் நாம் வெளிவிட்ட கரியமிலக் காற்றே தங்கி, மீண்டும் உள்ளே வரும்.

அது கல் அல்ல

களைத்துப்போனால் சிலர் பவளப்பாறைமேல் ஏறி நிற்கிறார்கள். அது உயிரற்ற கல் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. கடல்நீர் வழக்கத்தைவிட 1 பாகை சூடேறிச் சில வாரங்கள் நீடித்தாலே பாசிகள் வெளியேறும்; பவளம் வெளுத்துப் பட்டினியாகும். 2010-இல் இப்படி வெளுத்தபோது, தியோமான் உட்பட சில தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன.

உருண்டைப் பவளங்களில் பல ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் துடுப்புக்காலணி ஒரே உதையில் உடைக்கும் கைப்பிடி அளவுத் துண்டு, ஏறக்குறைய உங்கள் வயதை ஒத்தது!

ஆகவே, அடுத்த விடுமுறையில் களைத்தால் மல்லாந்து மிதந்து ஓய்வெடுங்கள். கையையும் காலையும் பவளத்தில் வைக்காதீர்கள். தம்பி, தங்கைக்கும் சொல்லிக் கொடுங்கள்.